கூஸ்மா எழுதிக்கொடுத்த தேதி

கூஸ்மா பெரெபெல்கின் ஸ்லோக்கன் பள்ளத்தாக்கில் முப்பது வருடமாகத் தச்சு வேலை பார்த்தவர். இறைச்சி தொடமாட்டார், சாராயம் குடிக்கமாட்டார், சர்க்கார் முன்னால் சத்தியம் செய்யமாட்டார். டூகபோர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களில் பலரும் அப்படித்தான். ஆனால் சுவர் ஒரு விரல்கடை சாய்ந்தால் தன் செலவில் பிரித்து மறுபடி நிறுத்துவது அவருக்கு மட்டுமே உள்ள பைத்தியம்.

வெள்ளி விலை ஏறிய வருடம், மலைமேல் ஒரு கம்பெனி சுரங்கம் திறந்தது. நாற்பது பேர் தங்கும் விடுதியையும் சாப்பாட்டுக் கூடத்தையும் கூஸ்மாதான் கட்டினார். மரம் கடனுக்கு வந்தது. மனைவி லூஷாவின் தம்பிகள் இருவரும் கூடவே உழைத்தார்கள். பணம் கேட்டபோதெல்லாம் மேனேஜர், "முதல் லோடு தாது இறங்கட்டும்" என்றார். தாது இறங்குவதற்குள் வெள்ளி விலை விழுந்தது. கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டுப் போயே போய்விட்டது.

"கட்டடத்து மேல உரிமை பதிஞ்சு வை கூஸ்மா. அதை வித்தா முதல்ல நமக்குத் தரணும்ல?" என்றாள் லூஷா.

கூஸ்மா நெல்சன் நகரில் இருந்த நிலப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கே வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, ஒரு வாரம் காத்திருந்தபின் பதில் வந்தது: அந்த நிலம் கம்பெனியுடையது அல்ல, அரசாங்கத்துடையது, நிலத்துக்கு அடியில் உள்ள தாதுவைத் தோண்டும் உரிமை மட்டுமே கம்பெனிக்கு உண்டு, அப்படிப்பட்ட இடத்துக் கட்டடமென்றால் சுரங்கப் பதிவாளரிடம் போக வேண்டும். புறப்பட்ட அன்று பனி சரிந்து சாலை அடைபட்டது. சாலை திறந்து அவர் போய்ச் சேர்ந்தபோது நவம்பர் பதினெட்டு.

சுரங்கப் பதிவாளர் எலன் ஹாடோ படிவத்தைப் படித்தாள். அவள் வீட்டுக் கூரையை வேய்ந்தவரே கூஸ்மாதான்.

"கடைசியா வேலை பார்த்தது செப்டம்பர் பதினஞ்சா?"

"ஆமா. கூடத்துக் கதவு மாட்டினேன்."

"அன்னையிலேர்ந்து அறுபது நாளுக்குள்ள பதியணும். நாலு நாள் பிந்திருச்சே, கூஸ்மா." பேனாவைக் கீழே வைத்தாள். "அதுக்கப்புறம் மலைக்குப் போகவே இல்லையா?"

"இருபத்திரெண்டாம் தேதி போனேன். ரம்பம், உளியெல்லாம் எடுத்துட்டு வர."

"அன்னைக்கு எதையாச்சும் சரி பண்ணியிருப்பீங்களே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லையே."

"ஒரு ஆணிகூட அடிக்கலையா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துபோனது. இருபத்திரெண்டு என்று எழுதினால் இன்னும் மூன்று நாள் மிச்சம். யாரும் கேட்கப் போவதில்லை.

"அடிக்கலையேம்மா," என்றார். "எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு."

எலன் படிவத்தில் 'காலம் கடந்தது' என்று குறித்தாள். பிறகு அதைத் திருப்பித் தந்தாள்.

வீட்டில் லூஷா போர்ஷ்ட் சூப் கிண்ணத்தை அவர் முன்னால் இடித்து வைத்தாள். "சத்தியமா பண்ணச் சொன்னாங்க? ஒரு தேதிதானே! என் தம்பிங்களுக்கு நீ என்ன பதில் சொல்லுவே?"

"உழைக்காத நாளை உழைச்சேன்னு எழுதச் சொல்றியா?"

"எழுதியிருக்கணும்," என்றாள் லூஷா. அதன்பின் அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

தம்பிகளின் கூலிக்காகத் தன் லாரியை விற்றார். மர ஆலைக் கடனுக்காகப் பழத்தோட்டத்தில் பாதி போயிற்று. சின்னத் தம்பி அதற்குப் பிறகும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

சுரங்கத்துக்குக் கடனில் இயந்திரம் தந்திருந்த இன்னொரு கம்பெனிக்காரர்கள், நெல்சன் வக்கீல்களை வைத்துத் தங்கள் உரிமையைக் காலத்தில் பதிந்திருந்தார்கள். வசந்தத்தில் விடுதியும் கூடமும் அவர்கள் கைக்குப் போயின. பலகை பலகையாகப் பிரித்து விற்க ஆள் தேடினார்கள். கூஸ்மாவிடம்தான் வந்தார்கள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தினக்கூலிக்கு ஒப்புக்கொண்டார்.

எலன் ஒருமுறை மேலே போனபோது அவர் கூரையின்மேல் உட்கார்ந்து ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சுலபமா வருதா?" என்று கேட்டாள். 

"எங்கே வருது, நான் அடிச்ச ஆணியாச்சே," என்றார் கூஸ்மா. "ரெண்டு வாரமாகும்னு சொல்லியிருக்கேன். மூணு ஆகும்போல."

அவர் திரும்பி அடுத்த ஆணியில் ஆணிப்பிடுங்கியை மாட்டினார்.