மாதாவுக்குக் கண் எழுத வந்தவர்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த கெபி ஒன்று சின்னதாக இருக்கிறது. போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்த பெயிண்டரே மாதாவின் முகத்துக்கும் வண்ணம் பூசிவிட்டுப் போனார். சுவரில் அவரைக் குறை சொல்ல முடியாது. மாதாவுக்குத்தான் ஒரு கண் தெருவையும் இன்னொன்று கேட்டையும் பார்த்தது. வருடம் முழுக்க அந்த முகத்தைப் பார்த்து ஜெபம் சொல்லி எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது.

இந்த வருடம் நானே ஆள் தேடிப் போனேன். கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில், ஒருவர் சாரத்தில் உட்கார்ந்து கோபுரத்து அம்மனுக்குக் கண் எழுதி முடித்தார். கீழே நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அம்மன் என்னையே பார்த்தாள். அங்கேயே அவரிடம் பேசி முடித்தேன்.

அவர் வந்து வண்ண டப்பாக்களை இறக்கியதும், பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணி வந்துவிட்டார்.

“கோயில் பொம்மைக்காரரப் போய்க் கூட்டிக்கினு வந்திருக்கியே. மாதா நெத்தியில பொட்டு வெச்சுட்டார்னா பேஜாராயிடும்.”

அவர் பிரஷ்ஷோடு தயங்கி நின்றார்.

“நீங்க வேலையப் பாருங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு அண்ணி பக்கம் திரும்பினேன்.

“வெச்சா வெக்கட்டும் அண்ணி. நாம ரெண்டு பேரும் பொட்டு வெச்சுக்கினுதான ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறோம். மாதா மட்டும் என்ன, வெளியூர்க்காரியா?”