சாந்தினிக்கு ஹம்பர்க்கில் ஓர் அறை

குணவதி பிறந்தது சுங்கை பாக்காப்பில். அதுவும் மலேசியாவின் பினாங்கு மாநிலம்தான், பெருநிலப் பக்கம். ஆனாலும் அங்குள்ளவர்கள் பாலத்தைக் கடந்து தீவுக்குப் போகும்போது மட்டும் "பினாங்குக்குப் போறேன்" என்பார்கள், தாங்கள் பினாங்கில் இல்லாததுபோல. பள்ளி முடித்ததும் தீவில், பாயான் லெப்பாஸில், தொழிற்சாலை வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகும்வரை ஒன்பது வருடம் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். விடியுமுன் ஏறி, இருட்டிய பிறகு இறங்குவாள். பாலத்தில் நெரிசல் என்றால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையில் பல் தேய்க்கத்தான் நேரம் இருக்கும்.

சிவநேசனைக் கட்டிக்கொண்டு தீவிலேயே உள்ள ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டுக்கு வந்தபின் பயணம் குறைந்தது, பேச்சு கூடியது. பாலத்துக்கு அந்தப் பக்கத்தைத் தீவுக்காரர்கள் செபராங் என்பார்கள். குழம்பில் உப்புக் குறைந்தாலும் சிவநேசனின் அக்கா லோகேஸ்வரி, "செபராங் சமையல் இப்படித்தான் போல" என்பாள். குணவதி சிரித்து வைப்பாள்.

மகள் சாந்தினிக்கு ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. கிளம்ப ஒரு மாதம் இருந்தது, தங்க இடமில்லை. அந்த ஊரில் ஓர் அறை காலியானால் ஊரே கேட்டு எழுதிப்போடுமாம். தேடித் தேடி இரண்டு அறைகள் அமைந்தன. எது வேண்டும் என்று அந்த ஞாயிறு மாலைக்குள் சொல்லாவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போகும்.

அன்று லோகேஸ்வரியும் வந்திருந்தாள். சாந்தினி போனில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள்.

"ஏழு வட்டாரம். நம்ம பினாங்கு முழுக்க இருக்கிற ஜனம் அந்த ஒரு ஊர்லயே இருக்கு."

ஓர் அறை ஆற்றுக்கு வடக்கே, ஆள் அதிகமுள்ள வட்டாரமான வான்ஸ்பெக்கில். மற்றது வில்ஹெல்ம்ஸ்பர்க்கில். அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"சுத்தித் தண்ணியா? அப்ப தீவு," என்றாள் குணவதி. "அதையே எடுத்துக்கடி."

"குணா, இரு," என்றாள் லோகேஸ்வரி. "எங்க ஆபீஸ் நடாஷா அந்த ஊர்ல இருந்தவ. அவகிட்ட கேட்டேன். வடக்கதான் நல்ல இடமாம். அந்தத் தீவுல துறைமுகத்து ஆளுங்க, வெளிநாட்டுலேருந்து வந்தவங்கதான் நிறைய. ஆத்தத் தாண்டினாலே மத்தவங்க மூஞ்சியச் சுளிப்பாங்களாம். நம்ம செபராங் மாதிரி லா."

"நானும் வெளிநாட்டுலேருந்துதானே போறேன் அத்தை," என்றாள் சாந்தினி.

குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு எங்கே என்று யாரோ மகளைக் கேட்பதும், பதில் வந்ததும் உதட்டைப் பிதுக்குவதும் கண்முன் வந்தன.

"வேணாம். வடக்கேயே எடு."

"மா, இப்பதானே அது நல்லதுன்னீங்க?"

"அப்ப தெரியாது. இப்ப தெரிஞ்சிருச்சி."

சாந்தினி குனிந்து பதில் எழுதத் தொடங்கினாள். இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருப்பதாகக் குணவதிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"காலேஜ் எந்தப் பக்கம்?"

அதை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

"தெக்கே. ஆத்துக்கு அந்தாண்ட."

"வடக்கேருந்து போனா?"

"ரயில் மாறணும். ஒரு மணி நேரம் ஆவும்."

"தீவுலேருந்து?"

"பக்கம்தான். கால் மணி நேரம்."

"குளிர் காலத்துல அங்க எப்ப விடியும்?"

"எட்டு மணிக்கு மேல. நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும்."

கம்பெனி பஸ்ஸில் போய்வந்த அந்த ஒன்பது வருடத்தில் வீட்டு வாசலைக் குணவதி வெயிலில் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

"அழி. தீவுக்கு எழுது," என்றாள்.

"நாளைக்கு நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவ?" என்றாள் லோகேஸ்வரி.

"கேக்குறவங்களா அக்கா தினமும் ரயில் ஏறப்போறாங்க?"

சாந்தினி எழுதியிருந்ததை அழித்தாள். மறுபடி எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பினாள். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. அறை அவளுக்குத்தான். சமையலறையை இன்னும் இரண்டு பெண்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

லோகேஸ்வரி போனை வாங்கி, அறையின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஜன்னல் பெரிசாத்தான் இருக்கு," என்றாள்.