தீவுக்குப் பிரதட்சிணம்

எதிர்வீட்டு சுந்தரராமனுக்குச் சர்க்கரை கிடையாது, பிபி கிடையாது. அவருக்கு இருக்கும் ஒரே வியாதி சுவாமிநாதன்தான்.

சுவாமிநாதன் அவருடைய ஷட்டகர். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் சகலை என்போம். சுந்தரராமனின் மனைவி ராஜலக்ஷ்மி மாமியின் தங்கை வைதேகியைக் கட்டியவர், கலிஃபோர்னியாவில் சான் ரமோனில் வீடு. நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில். நடுவில் இரண்டு மாநிலமும் ஒரு பாலைவனமும் கிடக்கின்றன. பொறாமைக்கு அந்தத் தூரமெல்லாம் ஒரு தூரமா? காலையில் அக்காவும் தங்கையும் போனில் பேசுவார்கள். பேசி முடித்து மாமி ஏதாவது ஒரு சேதி சொல்வார். சுந்தரராமனுக்கு அன்றைய காபி கசந்துவிடும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். சுந்தரராமன் மூத்த மாப்பிள்ளை, திருவண்ணாமலைக்காரர். அமெரிக்காவுக்கு முதலில் வந்தவரும் அவர்தான். பிளேனோவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறார். வந்த நாளிலிருந்து அதே கம்பெனி. பின்னால் வந்த சுவாமிநாதன் ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தார், அதைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது, மனிதர் எங்கேயோ போய்விட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சுந்தரராமன் ஒன்றுக்கு ஆசைப்பட்டு வாயைத் திறந்தால் போதும், அது சான் ரமோனில் பெரிய சைஸில் வந்து இறங்கிவிடும். இவர் டிவி வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அங்கே சுவரை மறைக்கிற டிவி வந்தது. இவர் கூரையில் சோலார் போட விலை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே போட்டாயிற்று. ஒரு நவராத்திரிக்கு இவர் வீட்டுக் கொலுவில் இரண்டு படி கூட்டினார்கள். அந்த வருஷம் சான் ரமோன் கொலுவில் ரயிலே ஓடியது. இத்தனைக்கும் அவர் வாய் நிறைய “அண்ணா, அண்ணா” என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டால் இவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

“வெங்கடாசலம், ஒரே ஒரு விஷயத்துல அந்த மனுஷன் என்னைப் பாத்து வயிறெரியணும். அது போறும் எனக்கு. அப்புறம் நிம்மதியா ரிட்டயர் ஆயிடுவேன்,” என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன குளிர்காலத்தில் சுவாமிநாதன் நார்வேக்குப் போய் வானத்தில் பச்சை வெளிச்சம் பார்த்துவிட்டு வந்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படங்களைக் கொட்டினார். சுந்தரராமன் ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வேறு எதைத் தூக்க முடியும்? அன்றைக்கே உட்கார்ந்து யோசித்தார். காசைக் கொட்டி வாங்க முடியாத ஒன்றைப் பிடிக்க வேண்டும். டிக்கெட் வாங்கலாம், ஹோட்டல் வாங்கலாம். நடையை எவன் வாங்குவான்? பள்ளிக்கூட நாளில் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போன கால்கள் அவருடையவை.

இணையத்தில் தேடியபோது வேல்ஸ் நாட்டில் செம்மறியாடு மேயும் ஆங்கிள்ஸீ என்றொரு தீவு அகப்பட்டது. தீவைச் சுற்றிக் கடலை ஒட்டியே ஒரு நடைபாதை இருக்கிறது, இருநூறு கிலோமீட்டர் சொச்சம். ஹோலிஹெட் என்ற துறைமுக ஊரில் ஒரு பழைய சர்ச்சின் வாசலில் தொடங்கிச் சுற்றி வந்தால் அதே வாசலில் முடிகிறது.

“கோவில்ல ஆரம்பிச்சு கோவில்லயே முடியறது. இதைவிட என்ன வேணும்?” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிடவில்லை. வேல்ஸிலிருந்து வரவழைத்த மேப் அதன்மேல் விரிந்து கிடந்தது, நான்கு மூலையிலும் ஊறுகாய் பாட்டில். செப்டம்பரில் இரண்டு வாரம் லீவு சொல்லியாயிற்று. எந்த ஊரில் ராத்தங்கல், எங்கே சைவம் கிடைக்கும், கிடைக்காத இடத்தில் பருப்புப் பொடியா புளிக்காய்ச்சலா, எந்தக் கழிமுகத்தை அலை இறங்கின பிறகு தாண்ட வேண்டும் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டார். ஊர்ப் பெயர்களில் பாதி எனக்கு வாயில் நுழையவில்லை. அவர் பெருமாள் கோயில் அர்ச்சனை மாதிரி கடகடவென்று சொன்னார்.

ஒரு சிக்கல் வந்தது. அவர் வாங்கிய வழிகாட்டிப் புத்தகம் தீவை அப்பிரதட்சிணமாகச் சுற்றச் சொன்னது. கடல் வலக்கைப் பக்கம் வரும்படி.

“அதெப்படி? நடுவுல இருக்கறது வலக்கைப் பக்கம் வரணும். அதுதானே சுத்தறதுக்கு முறை?” என்றார்.

லீவில் வந்திருந்த மகள் ரக்ஷா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்பா, இட்ஸ் நாட் எ டெம்பிள். இட்ஸ் ஜஸ்ட் ஷீப்,” என்றாள்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மொத்தப் பயணத்தையும் தலைகீழாகத் திருப்பினார். திருப்பியதும் ராத்தங்கல் ஒரு ஊரிலும் ரூம் இன்னொரு ஊரிலும் போய் விழுந்தன. அலை இறங்க வேண்டிய நேரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டார். தடுப்பூசி போட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டார். விஷயம் சான் ரமோனுக்குப் போகக் கூடாது என்று மாமியிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

மாமி சத்தியத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு மேப்பின்மேல் கவிழ்ந்திருந்த கணவரைப் பார்த்ததும் ஆசையாக இருந்ததாம். ஒரு ஃபோட்டோ எடுத்தார். எடுத்த ஃபோட்டோவைத் தங்கைக்கு அனுப்பாமல் எந்த அக்காவால் இருக்க முடியும்?

மறுநாளே சுவாமிநாதனிடமிருந்து போன் வந்தது.

“அண்ணா, மன்னி ஃபோட்டோ அனுப்பினா. வாட் ஆன் ஐடியா அண்ணா! செப்டம்பர்தானே? நானும் வரேன். ஃப்ளைட் புக் பண்ணிட்டேன்.”

“ஓ, அப்படியா? ரொம்ப சந்தோஷம்,” என்று இவர் போனை வைத்தார். பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்று, “இதுலயும் வந்துட்டான் ஓய்,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அதன்பிறகு குரூப்பில் தினம் ஒரு படம். சுவாமிநாதன் மலை உச்சியில், சுவாமிநாதன் புது பூட்ஸில், சுவாமிநாதன் கையில் இறகு கனமே உள்ள இரண்டு ஊன்றுகோல்களோடு. ஒரு படத்தின் கீழே, ‘டெக்சாஸ்ல ஏத்தமே கிடையாதே அண்ணா, நீங்க எங்க பிராக்டிஸ் பண்ணுவேள்?’ என்று வேறு கேட்டிருந்தார்.

கேட்டதில் தப்பில்லை. ஃபிரிஸ்கோ தோசைக்கல் மாதிரி தட்டை. எங்கள் காலனியில் உயரமான இடம் என்றால் குளத்தங்கரைதான், அதுவும் முழங்கால் உயரம். சுந்தரராமன் சளைக்கவில்லை. ஆபீஸ் வளாகத்தில் அடுக்குக் கார் பார்க்கிங் ஒன்று இருந்தது. முதுகுப் பையில் ஒரு சோனாமசூரி அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு, சாய்தளத்தில் மேல்மாடிவரை ஏறி இறங்கினார். ஜூலை வெயிலில் கான்கிரீட் கொதித்தது. ஒருநாள் செக்யூரிட்டி நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே அரிசியைப் பார்த்துவிட்டு அவன் என்ன நினைத்தானோ, தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்து அனுப்பினான். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் கால்கள் உண்மையிலேயே இரும்பாகிக்கொண்டிருந்தன. என்னால் குளத்தை ஒரு சுற்றுகூட அவர் வேகத்துக்கு நடக்க முடியவில்லை.

இதற்கிடையில் திசைச் சண்டை வேறு. சுவாமிநாதன் போனில் இருந்த ஆப்பும் புத்தகத்தின் கட்சிதான்.

“அண்ணா, ஆப்ல எல்லாரும் ஆன்ட்டி-க்ளாக்வைஸ்தான் போறா. நாமளும் அப்படியே ஃபாலோ பண்ணிடலாமே?”

“நீங்க அப்படிப் போங்கோ. நான் பிரதட்சிணமாத்தான் போவேன்.”

“அப்போ ஒரே நாள்தானேண்ணா மீட் பண்ணுவோம்?”

“அது போறும்,” என்றார் இவர்.

ஆகஸ்டு தொடக்கத்தில் அந்தச் சேதி வந்தது. மலையிலிருந்து இறங்கும்போது சுவாமிநாதனுக்கு வலது முட்டி பிசகிவிட்டது. உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, இந்த வருஷம் நீண்ட நடை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைதேகி அழுதுகொண்டே அக்காவிடம் சொன்னார்.

“ஐயோ பாவமே!” என்றார் சுந்தரராமன். அந்தப் ‘பாவமே’வை மாமி எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார், பட்டாசு மாதிரி இருக்கும். அன்று மாலையே ஒரு பெட்டி ஜாங்கிரியோடு என் வீட்டுக்கு வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். “சும்மாத்தான்,” என்றார். மைத்துனி புருஷன் முட்டி உடைந்ததற்கு ஜாங்கிரி வாங்கிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டு சாப்பிட்டேன், பொய் சொல்வானேன்.

இனிமேல் ஆளைப் பிடிக்க முடியாது என்று நினைத்தேன். நடந்தது வேறு. அரிசி மூட்டை மறுபடி சமையலறைக்குப் போனது. வெயில் அதிகம் என்றார், முதுகு பிடித்துக்கொண்டது என்றார். பூட்ஸ் கராஜில் கிடந்தது. ஒருநாள் போனபோது சாப்பாட்டு மேஜையில் மேப் இல்லை, மாமி தட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு இருக்கேன்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடை சாப்பிட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமி கல்லில் மாவை வழித்து ஊற்றிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

“ஏன்னா, ஒண்ணு கேக்கறேன். அவர் வரலைன்னதும் அந்தத் தீவைச் சுத்தி இருக்கற கடல் வத்திப் போயிடுத்தா?”

“என்ன பேச்சு இது, எதிராத்துக்காரரை வெச்சுண்டு?”

“அவருக்குத் தெரியாததா? ஆறு மாசமா இந்த மேஜையில சாப்பிட விடலை. ஓட்டல்காரிக்கெல்லாம் நீங்களே போன் பண்ணிப் பேசினேள். இப்போ அதைச் சுருட்டி அலமாரில வெச்சுட்டேள். யாருக்காக நடக்கறதா இருந்தேள்?”

சுந்தரராமன் அடையைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை. “அவன் பாக்கலைன்னா நடந்து என்ன ராஜி பிரயோஜனம்?” என்றார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பச்சையாக அவர் பேசிக் கேட்டதில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது, அவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அப்போ பாக்கச் சொல்லுங்கோ,” என்றார் மாமி. “நடக்கத்தானே முடியாது? கார் ஓட்ட முடியுமோல்லியோ? செப்டம்பருக்குள்ள அந்த அளவு சரியாயிடும்னு வைதேகி சொல்றா.”

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“சுவாமிநாதன், நான் சொல்றதைக் கேளுங்கோ. டிக்கெட்டை கேன்சல் பண்ணாதீங்கோ. நீங்க ஒரு கார் ரென்ட் பண்ணிண்டு வாங்கோ. நான் கரையோரமா நடந்து வரேன். மூட்டை முடிச்செல்லாம் உங்க கார்ல. சாயந்தரம் ஊருக்கு ஊர் காத்திண்டிருங்கோ. ஆனா ஒண்ணு, கார் சுத்தறதும் பிரதட்சிணமாத்தான்.”

அந்தப் பக்கம் சுவாமிநாதன் ஏதோ பேச ஆரம்பித்தார். எங்களுக்குக் கேட்கவில்லை. சுந்தரராமனின் முகம்தான் தெரிந்தது. முதலில் புருவம் ஏறியது. அப்புறம் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

“இருங்கோ, இருங்கோ,” என்றார். போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினார். “இப்போ சொன்னேளே, அதை இன்னொரு தடவை சொல்லுங்கோ.”

“எதுக்குண்ணா? மன்னி பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா. எதிராத்து வெங்கடாசலமும் இருக்கார். சொல்லுங்கோ.”

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது.

“எனக்குப் பொறாமையா இருக்கு, அண்ணா. மன்னி அந்த ஃபோட்டோ அனுப்பினாளோல்லியோ, அன்னிலேர்ந்தே. நானும் எல்லாம் வாங்கிப் பாத்துட்டேன். இது வேணும்னு எனக்கா ஒண்ணும் தோணினதே இல்லை. நீங்க எதுக்கு ஆசைப்படறேளோ அதுதான் நன்னாருக்கும்னு ஓடிப்போய் வாங்குவேன். ஆத்துக்கு வந்தா ரெண்டே நாள்ல சப்புனு ஆயிடும். நீங்க அந்த மேப்மேல கவுந்துண்டு இருந்த மாதிரி, எனக்கு எதுலயும் உக்காரத் தெரியலைண்ணா. வயிறு எரியறது.”

மாமி அடையைத் திருப்பிப் போடாமல் நின்றார். ஓரம் கருகுகிற வாசனை வந்தது.

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை அது. மேஜையைத் தட்டிச் சிரிப்பார் என்று நினைத்தேன். ஓடிப்போய் இன்னொரு பெட்டி ஜாங்கிரி வாங்கி வந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணா, லைன்ல இருக்கேளா?”

“இருக்கேன்,” என்றார் சுந்தரராமன். பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, “முட்டி ரொம்ப வலிக்கறதாப்பா?” என்று கேட்டார்.

ஆகஸ்டு பிறந்ததிலிருந்து அதை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.