என் நுரையீரலுக்கு வெயில் காட்டிய கதை

எண்பதுகளில் நெய்வேலி குவார்ட்டர்ஸில் ஜன்னல்களைப் போர்வையால் மூடி, பகல் முழுதும் தூங்கிய நைட் ஷிப்ட்காரன் நான். வெயிலே வேண்டாம் என்றிருந்த அறிவாளி.

கடும் நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடந்தபோது கட்டில் படகாய் மிதந்தது. என் மூச்சே அக்கரையிலிருந்து கேட்டது. ஆபத்து நீங்கியும் எழ முடியவில்லை.

டாக்டர் என் மனைவியிடம் கேட்டார்: "ஏம்மா, இவரு கடைசியா வெயில்ல நின்னது எப்ப?"

"எங்க கல்யாண போட்டோவுக்குங்க."

"விட்டமின் டி கொறைஞ்சிருக்கலாம். மருந்தோட வெயிலும் குடுப்போம்."

வராந்தாவில் கட்டில் போட்டார்கள். வெயில் பூனைக்குட்டிபோல் மார்பில் ஏறிப் படுத்தது. மெல்ல மெல்ல நடந்தேன். தேற்றியது மருந்தா, வெயிலா? டாக்டருக்கே தெரியவில்லை.

எதற்கு வம்பென்று இப்போது தினமும் வெயிலில் உட்கார்கிறேன். பக்கத்து வீட்டம்மா வடகம் காயவைத்து, காக்கை ஓட்டும் வேலையில் என்னை பர்மனென்ட் ஆக்கிவிட்டார்.