கம்பளிக்குப் போனவன் கொண்டுவந்த ஆட்டுக்குட்டி

எர்மிந்தாவின் வாய்க்குப் பயப்படாதவர் எங்கள் தீவில் கிடையாது. கெட்டவள் என்று சொன்னால் சொன்னவன் நாக்கு அழுகிவிடும். பசித்து வந்தவனுக்கு அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துப் போடுவாள், அவன் தின்று முடிப்பதற்குள் அவன் வம்சத்தையே திட்டித் தீர்த்துவிடுவாள். பன்றியைத் திட்டுவாள், ஈர விறகைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள். உலகத்தின் தென்கோடியில் கிடக்கிற எங்கள் சிலோயே தீவுகளில் மழையைத் திட்ட ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க முடியாது, அதையும் செய்வாள். பெற்ற பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதே "கட்டையில போறதுங்களா, வாங்க" என்றுதான். எட்டு வயது ரொசால்பாவும் ஆறு வயது இசையாஸும் சிரித்துக்கொண்டே வந்து அடுப்போரம் உட்காருவார்கள். அம்மாவின் எந்தத் திட்டு வெறும் சத்தம், எந்தத் திட்டு தோலை உரிக்கும் என்பது அந்த இரண்டுக்கும் நன்றாகத் தெரியும்.

புருஷன் பெலார்மினோ மற்ற ஆண்களைப் போலவே, எங்கள் பக்கம் வசந்தம் பிறக்கிற அக்டோபரில் படகேறிப் படகோனியாவின் பெரிய பண்ணைகளுக்கு ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போவான். உருளைக்கிழங்கு தோண்டும் நேரத்துக்கு, மார்ச்சில், திரும்பி வருவான். அந்த வருடமும் வந்தான். ஒரு கையில் மூட்டை, மறு கையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. குழந்தை ஓர் ஆட்டுத்தோலைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தது.

எர்மிந்தா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். "யாருய்யா இது?"

"யோலா."

"பேரையா கேட்டேன்?"

பெலார்மினோ கடலைப் பார்த்தான். "இவ அம்மா போயிட்டா. காய்ச்சல். பாக்க ஆளில்ல."

"எவ அம்மாவோ போனா உனக்கென்ன?" என்று கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. இசையாஸின் நெற்றியில் முடி எழும்பி நிற்கிற அதே இடத்தில், அதே சுழி. ஐந்து வயது என்றால் இசையாஸ் இந்தத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்த வருடம். அந்த வருடம் இவனுக்காக ராவெல்லாம் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியவள் அவள்.

மூன்று நாள் அவனைத் திட்டினாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அவன் நின்றான், கிழங்கு தோண்டினான், தின்றான், தூங்கினான். எவ்வளவு நேரம்தான் சுவரோடு சண்டை போடுவது? நான்காம் நாள் கோபம் இடம் மாறியது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பெரியவர்கள் கேட்டு வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அம்பு கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கிறது, அதனால்தான்.

"என்னை அம்மான்னு கூப்பிட்ட, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்," என்றாள் குழந்தையிடம். "டோன்யா எர்மிந்தான்னு மரியாதையா சொல்லு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. நீயும் ஊர்ல ஒருத்திதான்."

"சரி டோன்யா," என்றது குழந்தை.

யோலா ஒன்றும் தேவதை இல்லை. படுக்கையை நனைத்தது. அவித்த கிழங்கைத் திருடித் தன் ஆட்டுத்தோலுக்குள் ஒளித்துவைத்தது, அது ஊசிப்போய் வீடு நாறியது. புல்வெளியில் ஆட்டுக்கறி தின்று வளர்ந்ததால் சிப்பியைக் கண்டால் குமட்டியது. "மகாராணிக்கு ஆட்டுத்தொடை கேக்குதோ? உங்க அப்பன் வீட்டு மந்தை இங்க மேயுதுன்னு நெனச்சியா?" என்பாள் எர்மிந்தா. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதைதான் அங்கேயும். இசையாஸ் கோப்பையை உடைத்தால் "கையில எலும்பில்லையாடா உனக்கு" என்று சிரிப்பாள். யோலா கரண்டியைக் கீழே போட்டாலே விளார் இறங்கும்.

"உன்னக் கடல் கொண்டு போக!" இதுதான் அந்தக் குழந்தைக்கென்று அவள் எடுத்து வைத்த வசவு. காலையில் நனைந்த படுக்கையைப் பார்த்ததும் ஒரு தரம், சாப்பாட்டில் ஒரு தரம், விளக்கை அணைக்கும்போது ஒரு தரம்.

ஏப்ரலில் ஆப்பிள் பிழிந்தார்கள். குடைந்த மரத்தொட்டியில் ஆப்பிளைக் கொட்டிப் பெண்கள் எதிரெதிரே நின்று நீளக் கழிகளால் குத்த, பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி ஓடி வழிகிற சாற்றைக் கையில் ஏந்திக் குடித்தார்கள். குளவி கொட்டியது, ஒருத்தன் அழுதான், ஒருத்தி வயிறு முட்டக் குடித்து வேலியோரம் ஓடினாள். இலை மஞ்சளாகி விழுகிற காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய திருவிழா இல்லை. யோலாவும் சட்டையெல்லாம் சாறு வழிய, அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தது.

அடுத்த வீட்டு சோய்லா கழியை நிறுத்தினாள். "ஏன் எர்மிந்தா, உன் புருஷன் கம்பளி கத்தரிக்கப் போனானா, ஆட்டுக்குட்டி மேய்க்கப் போனானா?"

தொட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி "மே...ஏ..." என்று கத்தினாள். பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்! அன்றிலிருந்து யோலாவுக்கு ஆட்டுக்குட்டி என்றே பெயராகிவிட்டது. சோய்லாவுக்குப் பதில் சொல்ல எர்மிந்தாவிடம் ஆயிரம் இருந்தது. சோய்லாவுடைய புருஷன் கத்தரிக்கப் போன இடத்திலேயே தங்கிவிட்டதை ஊரே அறியும். ஆனால் அன்று அந்த வாய் திறக்கவே இல்லை. அவமானத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து, சாறு பட்ட சட்டைக்காக யோலாவை அடித்தாள். தன் பிள்ளைகள் சட்டையிலும் அதே கறைதான் இருந்தது. அவர்கள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு பெலார்மினோவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "குளிர் இறங்குறதுக்குள்ள இது இந்த வீட்ட விட்டுப் போகணும். பட்டணத்துல மேட்டுக் கோயில்கிட்ட கன்னியாஸ்திரிங்க பிள்ளைங்கள வளர்க்கிறாங்கல்ல, அங்க கேளு. இல்லன்னா நான் என் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"நம்ம பிள்ளைங்களோட பிள்ளையா இருந்துட்டுப் போகட்டுமேடி."

"நம்மன்னு சொல்லாத. வாய் கிழிஞ்சிரும்."

"சரி, கிழங்கு விக்கப் போறப்போ கேக்குறேன்," என்றான் அவன். எதற்கும் சரி சொல்கிற மனுஷன்.

மே மாதம் வந்தது. மழை நிற்கவில்லை. பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகள் அடுப்புக்கு மேல் தொங்கி ஆவி விட்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரொசால்பாவும் இசையாஸும் வாளியோடு கரைக்கு ஓடி, கடல் வற்றிக் கிடக்கிற நேரத்தில் சிப்பி தோண்டுவார்கள். எங்கள் பக்கத்தில் கடல் சும்மா வந்து போவதில்லை. வற்றினால் ஒரு வயல் தூரத்துக்குத் தரை தெரியும், தூரத்தில் மீன் பிடிக்கக் கட்டிய பழைய கல்வரிசை வரை நடந்து போகலாம். திரும்பும்போதுதான் ஆபத்து. தண்ணீர் முன்னாலிருந்து வராது. கரைக்கும் சிப்பி தோண்டுகிற மணல்மேட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, முதலில் அதில் சத்தமில்லாமல் நிறையும். எதிரே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு முதுகுக்குப் பின்னால் வழி அடைபட்டிருக்கும். தீவுப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இது தெரியும். எர்மிந்தா தன் இரண்டையும் காதைத் திருகிக் கற்றுக்கொடுத்திருந்தாள். "பள்ளத்துல தண்ணி மினுங்கினா, வாளியப் போட்டுட்டு ஓடி வரணும்."

மரமில்லாத புல்வெளியில் வளர்ந்த யோலாவுக்குக் கடல் என்பது பெரிய குளம். அதையும் கூட்டிக்கொண்டு முதல் தடவை கரைக்குப் போகும்போது இசையாஸ்தான் கேட்டான். "அம்மா, ஆட்டுக்குட்டிக்குப் பள்ளத்தப் பத்திச் சொல்ல வேணாமா?"

எர்மிந்தா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "அதுக்கு எதுக்கு? அது என்ன இங்கயே இருக்கப் போகுதா?" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பெலார்மினோ கிழங்கு மூட்டைகளோடு பட்டணம் போன சனிக்கிழமை, அமாவாசைக்கு மறுநாள். அமாவாசையை ஒட்டி வற்றும் தண்ணீர் வெகுதூரம் வற்றும், ஏறும்போதும் அதே வேகத்தில் ஏறும். காலையில் யோலா மறுபடியும் படுக்கையை நனைத்திருந்தது. எர்மிந்தா ஈரக் கம்பளியைத் தூக்கி அதன் முகத்திலேயே வீசினாள். "நாத்தம் பிடிச்ச சனியனே! கடல் உன்னக் கொண்டு போகாதா? என் வீடு என்னைக்குத்தான் சுத்தமாகும்?" பிறகு மூன்று பேரையும் சிப்பிக்கு விரட்டிவிட்டு, துருவிய கிழங்கைத் துணியில் கட்டிப் பிழிய உட்கார்ந்தாள்.

அடை வேகும்போது இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். வாளி நிறையச் சிப்பி.

"ஆட்டுக்குட்டி எங்க?"

ரொசால்பா காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. இசையாஸ்தான் சொன்னான், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "கல்வரிசைகிட்ட நிக்கிறா. நாங்க வர்ற வரைக்கும் அங்கேயே நில்லுன்னு சொல்லிட்டு வந்தோம்."

"பள்ளத்துல தண்ணி?"

"மினுங்கிச்சு. ஓடி வந்துட்டோம்."

எர்மிந்தா எழுந்த வேகத்தில் சட்டி கவிழ்ந்தது. காலணி போடவில்லை, கதவைச் சாத்தவில்லை. கரையில் நின்று பார்த்தபோது மணல்மேடு ஏற்கெனவே முழுகியிருந்தது. கல்வரிசையின் முதுகு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அதன் மேல் ஒரு சின்ன உருவம்.

"யோலா!" என்று கத்தினாள். அந்தப் பெயரை அவள் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஐயோ மாதாவே, என் தாயே, நான் சொன்னத எடுத்துக்காதே! சும்மா சொன்னேன்! சும்மாதான் சொன்னேன்!"

சும்மா சொல்லவில்லை என்பது அவளுக்கே தெரியும். தண்ணீருக்குள் இறங்கினாள். பள்ளத்தில் இடுப்பு வரை வந்தது, பிறகு மார்பு வரை. நனைந்த கம்பளிப் பாவாடை கல்லைக் கட்டியது போல் இழுத்தது. அதை அவிழ்த்து விட்டுவிட்டு உள்பாவாடையோடு போனாள். குளிரில் மூச்சு அடைத்தது. கத்தவும் முடியவில்லை.

யோலா அழவில்லை. முழங்கால் வரை தண்ணீரில், வாளியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றது. உதடு நீலமாகியிருந்தது. "நான் நகரல டோன்யா," என்றது. "நில்லுன்னாங்க. நான் நகரவேயில்ல."

அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் எப்படிக் கரையேறினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அடுப்படியில் உட்கார வைத்து, ஈரத்தையெல்லாம் உரித்துவிட்டு, கையும் காலும் சிவக்கத் தேய்த்தாள். ஆட்டுத்தோலைச் சுற்றிவிட்டாள். குழந்தையின் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் நின்ற பிறகுதான் விளாரை எடுத்தாள்.

"கொலைகாரப் பாவிங்களா! என் வயித்துலயா பொறந்தீங்க? யார் கத்துக்கொடுத்தா உங்களுக்கு? சொல்லுங்கடா, யாரு?"

ரொசால்பா "அடிக்காதம்மா, அடிக்காதம்மா" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இசையாஸ் ஓடவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. நல்ல பிள்ளையாக ஒரு வேலையைச் செய்துவிட்டு வந்தவனை ஏன் அடிக்க வருகிறாள்?

"நீதானேம்மா தெனமும் கேட்ட?" என்றான். "கடல் கொண்டு போகணும், வீடு சுத்தமாகணும்னு. அப்புறம் ஏன் திரும்பத் தூக்கிட்டு வந்த?"

"அது... அது வாய்ப் பேச்சுடா. உங்களையுந்தான் கட்டையில போங்கன்னு சொல்றேன். அதுக்குன்னு..."

"எங்களத் திட்டும்போது நீ சிரிப்ப," என்றான் இசையாஸ். "அவளத் திட்டும்போது நீ சிரிக்கவே மாட்ட."

விளார் கையிலிருந்து விழுந்தது. எர்மிந்தா தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தன் வாயில் அடித்துக்கொண்டாள். வெளியே கல்வரிசை மறைந்து வெகுநேரமாகியிருந்தது.

விளக்கேற்றும் நேரத்தில் பெலார்மினோ வந்தான். கிழங்கு நல்ல விலைக்குப் போயிருந்தது. லேசாகக் குடித்தும் இருந்தான். காலணியைத் தட்டிக்கொண்டே, "முடிச்சிட்டேன்டி," என்றான். "கன்னியாஸ்திரிங்க சரின்னுட்டாங்க. திங்கக்கிழமை படகுல கொண்டு போய் விட்டா போதும். இனிமே உன் முணுமுணுப்புக் கேக்காம குளிர்காலத்துல நிம்மதியா தூங்கலாம்."

"வேணாம்," என்றாள் எர்மிந்தா.

"என்ன வேணாம்?"

"போக வேணாம். இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்குறேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "நீ கேட்டதத்தானே செஞ்சுட்டு வந்தேன்? ரெண்டு மாசமா உயிர எடுத்தது யாரு?"

அவள் யோலாவின் முன்னால் மண்டியிட்டு, நெற்றிச் சுழியை ஒதுக்கிவிட்டாள். "இங்க இருக்கியாடி கண்ணு? நான் உன்னத் திட்டமாட்டேன். மாதா மேல ஆணை. அம்மான்னே கூப்பிடு. இருக்கியா?"

ஆட்டுத்தோலுக்குள்ளிருந்து குழந்தை அவளைப் பார்த்தது. சுவரோரம் நின்ற ரொசால்பாவைப் பார்த்தது, இசையாஸைப் பார்த்தது. பிறகு பெலார்மினோவிடம் கேட்டது.

"அவங்க வீட்டுகிட்ட கடல் வருமா?"

"யாரு, கன்னியாஸ்திரிங்க வீட்டுகிட்டயா? அது மேட்டுல இருக்கு. அங்கெல்லாம் எப்படி வரும்?"

"அப்போ நான் அங்க போறேன், டோன்யா," என்றது யோலா.

எர்மிந்தா எழுந்தாள். கவிழ்ந்த சட்டியை நிமிர்த்தி, மிஞ்சியிருந்த கிழங்கை அள்ளி, மூன்று பிள்ளைகளுக்கும் அடை சுடத் தொடங்கினாள். எப்போதும் போல அவர்களைச் சாப்பிடக் கூப்பிட வாயைத் திறந்தாள். எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.