சிலிண்டருக்கு ஒரு பொன்னாடை

குண்டசாலையில் என் மகன் வீட்டுக் குசினியில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், சாக்கில் சுற்றிய கவ்வாத்துக் கத்தி ஒன்று வெகுகாலம் கிடந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வளைந்த கத்தி. பிடி தளர்ந்துபோனதால் என் அண்ணன் அதில் செப்புக் கம்பி சுற்றியிருந்தார். எதற்கும் கம்பி சுற்றுகிற மனிதர் அவர், குடைக்கும்கூடச் சுற்றுவார். அவர் செத்த பிறகு மதினி அந்தக் கத்தியை விறகு வெட்ட வைத்திருந்தார்.

அப்போது நான் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வாச்சர், காவல்காரன். களவு என்றால் எங்களுக்கு விறகுதான். மலையில் விறகு வெட்டியவர்களைப் பிடித்து ஆபீசில் சொல்வேன். எனக்கு எழுத வராது, கிளாக்கர்தான் புத்தகத்தில் எழுதுவார். எழுதினால் பிடிபட்டவருக்குக் கொஞ்ச நாள் வேலை நிற்கும். ஓர் ஆடி மாதம், மழை விடாமல் பெய்தது. மதினியின் சின்னப் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி, சுடுதண்ணீர் வைக்கக்கூட லயத்து வீடுகளில் காய்ந்த சுள்ளி இல்லை. சவுக்கு மரத்தில் மதினி கிளை வெட்டுவதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரிப் போயிருக்கலாம். ஆனால் சொந்தக்காரர் என்றால் வாச்சருக்குக் கண் தெரியாது என்று லயத்தில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மதினிக்கு இரண்டு வாரம் வேலை இல்லை. என்னை அவர் ஏசவில்லை. "கத்தியக் குடுத்துருங்க" என்று மட்டும் கேட்டார். கிளாக்கர் அதைத் திருப்பித் தந்தபோது, மதினி வாசலில் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று என்னிடமே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வருடத்துக்கு வருடம் களவு குறைந்தது. தோட்டத்துத் துரை என் தோளில் தட்டினார். சொந்த மதினியையே பிடித்தவன் என்ற பயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

வேலை ஓய்ந்து மகனோடு வந்துவிட்டேன். இந்த வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனபோது கோயில் கமிட்டித் தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கில் சத்தமாகச் சொன்னார்: "ஐயா காவலுக்கு நின்ன காலத்துலதான் நம்ம தோட்டத்துல களவே ஒழிஞ்சுச்சு!"

கூட்டத்தின் நடுவிலிருந்து, வெற்றிலை வாயோடு, மதினியின் குரல் வந்தது. "ஆமா ஆமா, வீட்டுக்கு வீடு கேஸ் வந்துச்சு, களவு ஒழிஞ்சுச்சு. பொன்னாடைய சிலிண்டருக்குப் போத்துப்பா!"

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "எல்லாரு களவயும் ஆபீசுல சொன்னீங்களே கொழுந்தனாரே, ஒங்க அண்ணன் கத்திய எடுத்தது யாருன்னு சொன்னீங்களா?"

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை. சில வருடங்களுக்கு முன் கேஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற மாதங்கள் நினைவுக்கு வந்தன. அப்போது நானும் மருமகளும் யாரோ ஒருவரின் காணியில் விறகு பொறுக்கினோம். காய்ந்தது தீர்ந்ததும் பச்சைக் கிளையையே முறித்தேன். அதை யாரும் களவு என்று சொல்லவில்லை. சிலிண்டர் திரும்ப வந்ததும் நாங்களும் நிறுத்திவிட்டோம். எந்த வாச்சரும் எங்களைப் பிடிக்கவில்லை. அப்படியானால் அந்த இரண்டு வாரம் மதினி பட்டதெல்லாம் எதற்கு?

மறு வாரம் கத்தியை எடுத்துக்கொண்டு பேராதனையில் கலஹா பஸ் ஏறினேன். "சாக்குல என்ன தாத்தா?" என்றார் கொண்டக்டர். "மரவள்ளிக் கிழங்கு" என்று வாய் தானாகப் பொய் சொன்னது. இறங்கும்வரை மடியோடு அணைத்துப் பிடித்திருந்தேன்.

மதினி சாக்கைப் பிரித்தார். செப்புக் கம்பியை விரலால் சுற்றுச் சுற்றாகத் தடவினார். "கம்பி கொஞ்சங்கூட அசையல பாருங்க" என்றார். பிறகு கத்தியை என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு வேணாம். கேட்டப்ப குடுக்கல. இனி ஒங்ககிட்டயே இருக்கட்டும். பாத்துக்கிட்டே இருங்க." அப்புறம், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று எழுந்து போனார்.

மருமகள் அடுப்பைத் திருகுகிறாள், நீல நெருப்பு பிடிக்கிறது. அதற்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்துக் கத்தியை மாட்டியிருக்கிறேன். இப்போது அதைச் சாக்கில் சுற்றுவதில்லை.