சாப்பாட்டு அறைச் சுவரில் கந்தன்

பங்கஜம் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். ஆளைத் தூக்காமலே அதைச் செய்ய ஒரு வழி உண்டு. ஒருபக்கமாகத் திருப்பி, நனைந்ததை முதுகை ஒட்டிச் சுருட்டி, அதன் பின்னாலேயே காய்ந்ததை விரித்து, மறுபக்கம் திருப்பி உருவிவிட வேண்டும். அவள் புருஷன் கந்தன் இப்போது அவ்வளவு கனமும் இல்லை.

"அக்கா, குளுருது" என்றார் அவர்.

"அக்கா இல்லைங்க. பங்கஜம். உங்க பொஞ்சாதி."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சிக் கரண்டியை உதட்டில் வைத்தபோது பல்லால் கடித்து நிறுத்தினார். மூன்று மாதமாக இதே கதைதான். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்தபோதுகூடச் சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. பிறகு மறதி வந்தது. மகளை மறந்தார், குடியிருக்கும் கோத்தகிரியை மறந்தார், கடைசியில் கட்டினவளையும் மறந்தார். தாயில்லாத தன்னைச் சிலோனில் இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா ராக்கம்மா என்றே அவளை நினைத்தார். பங்கஜம் 'இல்லை' என்று சொன்ன வேளையெல்லாம் வாயை மூடிக்கொண்டார். விலா எலும்புகள் துருத்திக்கொண்டு வந்துவிட்டன.

வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் பியாட்ரிஸ் சொல்லிப் பார்த்தாள். "மறுத்துப் பேசாதீங்கம்மா. அக்கான்னா அக்காவாவே இருந்துட்டுப் போங்க. வயித்துக்குள்ள ஏதாச்சும் போகணும். இப்படியே போனா மூக்கில குழாய்தான்."

"கட்டின புருசனைத் தம்பின்னு கூப்பிடச் சொல்றியா? நல்லா இருக்கு உன் வைத்தியம்!"

பங்கஜத்தின் கணக்கு வேறு. தான் யார் என்பது அவருக்கு ஒரு தடவை நினைவு வந்தால் போதும். கூடவே அவளும் நினைவுக்கு வந்துவிடுவாள்.

கந்தன் அப்பாவோடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். வந்த வருஷமே அப்பா செத்துப்போனார். அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். அப்பாவிடம் கற்ற கொல்லு வேலை இருந்ததால் தேயிலை எஸ்டேட் பட்டறையில் சேர்த்துக்கொண்டார்கள். தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் நின்று பாடுவார். கோபம் வந்தால் சோற்றுத் தட்டை எறிவார். மறுநாள் அந்தத் தட்டைப் பட்டறைக்கு எடுத்துப்போய் நெளிவை எடுத்துக்கொண்டு வருவார். பங்கஜத்திடம் அவர் மன்னிப்புக் கேட்ட விதம் அது ஒன்றுதான்.

அந்தப் பட்டறையில் எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் அவரைப் படம் எடுத்தார். அது எங்கெங்கோ சுற்றி, பெரிதாகி, வேண்டுமென்றே பழுப்பேற்றப்பட்டு, குன்னூர் ரோட்டில் ஒரு விருந்தினர் பங்களாவின் சாப்பாட்டு அறையில் அழகுக்கு மாட்டப்பட்டிருந்தது. அங்கே கூட்டித் துடைக்கப் போன முதல் நாளே பங்கஜம் அதைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆள் எங்கே என்பார்கள், பார்க்க வருவார்கள். மூத்திரத் துணியோடு கிடப்பவரை வேடிக்கை காட்ட அவளுக்கு மனமில்லை. தினமும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அன்று ஆயுத பூஜை. அவள் பங்களாவுக்குப் போனபோது கிரைண்டருக்கும் கேஸ் அடுப்புக்கும் பொட்டு வைத்திருந்தது. சாப்பாட்டு அறையில், படத்தின் மேல் சாமந்தி மாலை. கந்தனின் நெற்றிக்கு நேராகக் குங்குமம். கீழே ஊதுபத்தி புகைந்தது.

பங்கஜம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைப் பிய்த்து எடுத்தாள்.

"ஏனுங்க்கா, என்ன பண்றீங்க!" சமையல்கார ஞானசுந்தரி ஓடிவந்தாள். "சம்மட்டியோட நிக்கறாரு. இன்னிக்கு இவருக்குப் போடாம யாருக்குங்க போடறது? எந்தக் காலத்திலயோ போய்ச் சேர்ந்த மனுசன்..."

"போய்ச் சேர்ந்தாரா? காலையில கரண்டியைக் கடிச்சிட்டு வீட்டில படுத்திருக்காரு! உசிரோட இருக்கிற ஆளுக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏத்துறியே, அடுக்குமா?"

சத்தம் கேட்டு மேனேஜர் பிராங்ளின் வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையைச் சொறிந்தார். "பழங்காலத்துக் கிராமத்துக் கொல்லர்னுதானே கீழ எழுதியிருக்கும்மா."

"எது பழங்காலம்? அவர் இடுப்பில கட்டியிருக்கிற சாரம் கோத்தகிரிச் சந்தையில நான் எடுத்தது. கிராமமும் இல்லை, எஸ்டேட்டு."

ஞானசுந்தரி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். "உங்க ஊட்டுக்காரருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"நாங்க என்ன செய்யணும், சொல்லுங்கம்மா" என்றார் பிராங்ளின்.

"படத்தை ஒரு நாளைக்குக் குடுங்க. நாளைக்கு நானே கொண்டாந்து மாட்டிடறேன்."

சாயங்காலம் கந்தனைத் தலையணை வைத்து நிமிர்த்தினாள். எதிரே நாற்காலியில் படத்தைச் சாய்த்து, விளக்கைப் போட்டாள்.

"யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் வெகுநேரம் பார்த்தார். நல்ல கை நீண்டு, கண்ணாடிக்கு உள்ளே இருந்த கையைத் தடவியது. கண்ணில் வெளிச்சம் வந்தது.

"அப்பா" என்றார்.

"இல்லைங்க. நீங்கதான். நம்ம பட்டறையில. நல்லாப் பாருங்க."

"அப்பாதான்." பிறகு குரல் இறங்கியது. "விடிய வேலைக்குப் போனவரு. ஏன் இன்னும் வரலை, அக்கா?"

அவர் சின்னப் பிள்ளைபோல விசும்பி அழுதார். அவள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். கஞ்சியைத் தொடாமலே அவர் தூங்கிப்போனார்.

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் மறந்துவிட்டார் என்றுதான் இத்தனை நாள் கோபப்பட்டிருந்தாள். இப்போது அவர் இருக்கும் இடத்தில் பங்கஜம் என்று ஒருத்தி இன்னும் வரவே இல்லை. வராதவளை எப்படி மறப்பது?

மறுநாள் காலையில் நொய்க் கஞ்சி வைத்தாள். விரிப்பை மாற்றி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். கழுத்தில் துண்டைச் செருகினாள்.

"அக்கா."

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. ரேஷன் கடையில்கூட அவளுக்காக வேறு யாராவதுதான் சொல்வார்கள்.

"என்னடா கந்தா?" என்றாள். "வாயைத் தொற."

திறந்தார். ஆறவைத்து ஆறவைத்து, கிண்ணம் முழுவதும் ஊட்டினாள். உடனே படுத்தால் புரையேறும் என்று சாய்ந்தபடியே இருக்கவிட்டாள். வாயைத் துடைத்தாள். அடுத்த வீட்டுக் கருப்பம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, படத்தைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.